ஆவியறையா சவுனாவா: சம்பந்தி வீட்டில் கை நனைத்த கதை

1

பதினெட்டு வருடமாக எனக்குச் சனிக்கிழமைதோறும் சளி பிடித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் தானாகச் சரியாகிவிடும். எந்த மருந்துக்கும் கட்டுப்படாத இந்த நோய்க்கு ஒரே காரணம், நான் வந்து குடியேறிய பின்லாந்து நாட்டில் சனிக்கிழமை சாயங்காலம் சவுனா நாள் என்பதுதான். போன சனிக்கிழமை அந்தச் சளி எனக்கு நிரந்தரமாகக் குணமானது. அதைச் சொல்லத்தான் இந்தக் குறிப்பு.

சவுனா என்றால் ஒரு மர அறை. மூலையில் அடுப்பு, அடுப்பின் மேல் கருங்கற்கள். கல் காய்ந்து அனல் அறை முழுக்க நிற்கும். படிக்கட்டு மாதிரி பலகைகள் இருக்கும். மேல் பலகைக்குப் போகப் போகச் சூடு கூடும். அவ்வப்போது யாராவது ஒரு கரண்டித் தண்ணீரை எடுத்துக் கல்லில் ஊற்றுவார்கள். சுர்ரென்று ஒரு சூட்டு மூச்சு கிளம்பி முதுகைத் தடவும். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரனுக்குச் சூடு ஒரு பெரிய விஷயமா? சித்திரை மாதம் மத்தியானம் எங்கள் ஊர்ப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவனுக்கு இந்த அனல் தூசி.

சிக்கல் வேறு. சவுனாவுக்குள் உடம்பில் பொட்டுத் துணி இருக்கக் கூடாது. ஆண்கள் தனி, பெண்கள் தனி, அது சரி. ஆனால் ஆண்களுக்குள் மறைப்பு என்கிற பேச்சே கிடையாது. கூட வேலை பார்ப்பவர், மேலதிகாரி, பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் பிறந்தபடி வரிசையாக உட்கார்ந்து பருவநிலை பற்றிப் பேசுவார்கள். நாமோ வைகையில் குளித்தாலும் பம்புசெட்டில் குளித்தாலும் துண்டு கட்டிக் குளித்தவர்கள். உசிலம்பட்டியில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கும் என் தங்கை வீட்டுக்காரர், எங்கள் மாப்ள, நான் இங்கே வந்த புதிதில் போனில் இதை நம்பவே இல்லை.

“அம்புட்டுப் பேருமா மச்சான்?”

“அம்புட்டுப் பேரும் மாப்ள.”

“உங்க பெரிய ஆபீசருமா?”

“அவருக்குத்தான் மேல் பலகை.”

பிறகு சொன்னார்: “நீங்க சளியவே வச்சுக்கங்க மச்சான்.”

2

அதற்காக நாங்கள் சவுனாவைப் பயன்படுத்தவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பயன்படுத்தினோம். மோர் மிளகாய் காயப்போட்டோம்.

எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு சவுனா உண்டு. வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம். முதல் வருடம் முழுக்க எங்கள் நேரத்தில் அது காலியாகவே காய்ந்துகொண்டிருந்தது. என் மனைவி முத்துலெட்சுமி திருநகர்க்காரி. எதுவும் வீணாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள். மார்கழி மாதம் இங்கே சூரியன் கடன் வாங்கிய சொந்தக்காரன் மாதிரி. தெருமுனையில் தலையைக் காட்டிவிட்டு ஓடிவிடும். மொட்டை மாடிக்கு ஏங்கிப்போயிருந்தவள் ஒருநாள் கேட்டாள்: “கீழ அம்புட்டு வெக்கையும் சும்மாதான கெடக்கு?”

அடுத்த சனிக்கிழமை மேல் பலகையில் என் பழைய வேட்டி விரிந்தது. அதில் மோர் மிளகாய். கீழ்ப் பலகையில் கூழ் வடகம். நான் கால்சட்டை, பனியன், சாக்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு வாசலில் காவல். இரண்டு மாதம் ஓர் ஈ காக்காய்க்குத் தெரியாது. ஒருநாள் மிளகாய் விதை நாலைந்து கல்லிடுக்கில் விழுந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. அடுத்த முறைக்கு வந்த வயதான தம்பதி, பாவம், ஆசையாக ஒரு கரண்டித் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். இருமல் சத்தம் மூன்றாவது மாடியில் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது.

மறுவாரம் கட்டட நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்தது. எங்கள் மகள் கயலுக்கு அப்போது பத்து வயது. எங்கள் இரண்டு பேருக்கும் அந்த மொழி எழுத்துக்கூட்டத்தான் வரும். அவளோ அதிலேயே கனவு காண்கிறவள். கடிதத்தை வாசித்துச் சொன்னாள்: “சவுனா அறை உணவுப் பொருள் உலர்த்துறதுக்கு இல்லையாம். எல்லா வீட்டுக்கும் இதே கடுதாசி போயிருக்கு. யாருன்னு பேரு போடல. ஆனா இந்தக் கட்டடத்துல வேற யாருப்பா மிளகா காயப்போடுவாங்க?”

மன்னிப்புக் கடிதத்தை அவள்தான் எழுதினாள். நான் அடியில் கையெழுத்துப் போட்டேன். அன்றிலிருந்து வங்கி, வரி, குடியுரிமை என்று எந்தத் தாள் வந்தாலும் அவள் வாசிப்பாள், அவள் எழுதுவாள், நான் கையெழுத்துப் போடுவேன். பள்ளிக்கூடத்துக்கு அப்பா கையெழுத்து வாங்கிப் போகிற வயதில் அவள் அப்பாவுக்காக நாட்டோடு பேசிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் நம்மை விட்டுத் தூரம் போகிறார்கள் என்று வெளிநாட்டில் இருக்கிற எல்லாரும் புலம்புகிறோம். நமக்கு வழிகாட்ட முன்னால் நடக்கச் சொன்னதே நாம்தான் என்பதைச் சொல்வதில்லை.

3

ஆவியறை கதை வேறு. அதில் நான் புலி.

இங்கே வருவதற்கு முன்னால் ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டலில் பதினொரு வருடம் இட்லி போட்டவன் நான். காலை நாலரை மணிக்குக் கொப்பரை மூடியைத் திறந்தால் ஒரு ஆள் உயரத்துக்கு ஆவி எழும். அந்த ஆவிக்குள் நின்றுதான் முகம் கழுவினேன், மூக்கடைப்பைத் தீர்த்தேன், கல்யாணத்துக்கு முன்னால் நிறம் கொஞ்சம் தெளிந்ததாகக்கூட நம்பினேன். ஊரில் தலைப்பாரம் என்றால் நொச்சி இலையைக் கொதிக்கவிட்டுப் போர்வைக்குள் வேது பிடிக்கிறோமே, அந்தச் சுகம்தான் ஆவியறை.

இங்கே நாங்கள் இருக்கும் ஊரின் நீச்சல் கூடத்தில், குளத்துக்குப் பக்கத்திலேயே, அப்படி ஒன்று உண்டு. கண்ணாடிக் கதவு, ஓடு பதித்த திண்டு, சுவரிலிருந்து புசுபுசுவென்று வெள்ளை ஆவி. ஆணும் பெண்ணும் சேர்ந்து போகிற இடம் என்பதால் நீச்சல் கால்சட்டை கட்டாயம். அதைவிடப் பெரிய வசதி, எதிரில் இருக்கிறவர் முகம் தெரியாது. மானத்துக்கு இரட்டைப் பூட்டு.

ஆவியறையா சவுனாவா என்று யாராவது கேட்டால் நான் ஒரே பதில் வைத்திருந்தேன்: இட்லி ஆவியில் வேகும், அப்பளம் அனலில் பொரியும். நான் இட்லிக்காரன். சனிக்கிழமை சளி ஞாயிற்றுக்கிழமை விட்டதும் நேராக ஆவியறைக்குப் போய்விடுவேன். இப்படியே ஓட்டியிருப்பேன், கயலுக்குக் கல்யாணப் பேச்சு வராமல் இருந்திருந்தால்.

4

பையன் பெயர் மிக்கா. கயலோடு படித்தவன். ஆறு மாதம் நானும் முத்துலெட்சுமியும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தோம். ஏழாவது மாதம் அவன் எங்கள் வீட்டில் ரசத்தைக் கையில் ஊற்றிக் குடிக்கக் கற்றுக்கொண்டான். அதற்கு மேல் எப்படி முகத்தைத் தூக்குவது? மனசுக்குள் சரியென்று ஆகிவிட்டது. ஆனால் வாயால் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறதே.

மிக்காவுக்கு அம்மா இல்லை, மூன்று வருடத்துக்கு முன்னால் தவறிவிட்டார். அப்பா ரெய்யோ, நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். குட்டையான வழுக்கைத் தலை மனிதர். வார்த்தைகளைப் பயணச்சீட்டு மாதிரி ஒன்றொன்றாகக் கிழித்துத்தான் கொடுப்பார். அவர் எங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை காபிக்குக் கூப்பிட்டார். கயல் அதைக் காபி என்று நினைத்தாள். நான் அதை மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவது என்று எடுத்துக்கொண்டேன். உடனே உசிலம்பட்டிக்குப் போன்.

“பேச்சு முடியாம பச்சத் தண்ணி பல்லுல படக்கூடாது மச்சான்,” என்றார் மாப்ள. “கை நனைச்சுட்டா சரின்னு அர்த்தம். அதுக்கப்புறம் நமக்கு என்ன வாய் இருக்கு?”

அவர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. என்னுடைய கல்யாணப் பேச்சுக்கு என் அப்பா உசிலம்பட்டியிலிருந்து ஆரப்பாளையம் வந்து, அங்கிருந்து பேருந்து மாறித் திருநகரில் இறங்கியபோது மே மாதத்து உச்சி வெயில். உள்ளே போய் உட்கார்ந்ததும் என் மாமியார் நன்னாரி சர்பத்தைக் கொண்டுவந்து நீட்டினார். மேலே ஐஸ் மிதக்கிறது. அப்பா அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இருக்கட்டும்த்தா, மொத பேசுவோம்,” என்றார். ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். கடைசியில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பேச்சே வரவில்லை அவருக்கு. “சரி” என்று சொன்ன மறு நொடியில் சர்பத்தை எடுத்தவர், அடுத்தடுத்து மூன்று தம்ளர் குடித்தார். முத்துலெட்சுமி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள்: “உங்கப்பா என்னையப் பாத்தா சரின்னு சொன்னாக? சர்பத்தப் பாத்துல்ல சொன்னாக!”

அப்படிப்பட்ட அப்பாவின் மகன் நான். ரெய்யோ வீட்டு மேசையில் பூப்போட்ட பீங்கான் கோப்பைகள் இருந்தன. நடுவில் பின்னல் போட்ட பன். அதிலிருந்து ஏலக்காய் வாசம். எந்த நாட்டு ஏலக்காயோ, எனக்கு உசிலம்பட்டியைத் தாண்டிப் போடி மலை வாசம் அடித்தது. ரெய்யோ காபிப் பாத்திரத்தைத் தூக்கினார். நான் கையைக் காட்டி, “வேண்டாம், நன்றி,” என்றேன். இரண்டாவது முறை தூக்கினார். வேண்டாம். பன் தட்டை என் பக்கம் நகர்த்தினார். வேண்டாம். முத்துலெட்சுமியின் கை தட்டை நோக்கிப் போனது. நான் ஒரு பார்வை பார்த்தேன். போன கை முந்தானையைச் சரிசெய்துகொண்டு திரும்பியது. அரைமணி நேரம் கழித்து எழுந்து நின்று, முறைப்படி, “வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டுத் தகவல் சொல்கிறோம்,” என்று அவர்கள் மொழியில் சொன்னேன்.

ரெய்யோவை ஒரு சம்பந்தியாக மதித்து, நம் ஊரில் ஒரு சம்பந்திக்குக் கொடுக்க வேண்டிய முழு மரியாதையையும் கொடுத்துவிட்ட நிறைவோடு தெருவில் இறங்கினேன். கயல் பின்னாலேயே ஓடி வந்தாள்.

“என்னப்பா பண்ணி வச்சிருக்கீங்க?”

“முறைப்படிதானத்தா நடந்துக்கிட்டேன்.”

“யாரு முறை? அந்த பன்ன அவரே சுட்டாருப்பா. மிக்காவோட அம்மா கைப்பட எழுதி வச்ச குறிப்பப் பாத்து. அவங்க போனப்புறம் அந்த வீட்டுல இன்னைக்குத்தான் அடுப்பு மூட்டி பன் சுட்டிருக்கு. இங்க காபி வேணாம்னா ஆளே வேணாம்னு அர்த்தம்.”

“கயலு, அது...”

“எங்களுக்கு ரெண்டு சாட்சி இருந்தாப் போதும். அடுத்த மாசம் ஆபீஸ்ல பதிஞ்சுக்கிறோம்.” திரும்பி நடந்தவள் நின்று சொன்னாள்: “நாங்களும் உங்களுக்குத் தகவல் சொல்றோம்.”

5

அன்று மிக்காவோடு தங்கிவிட்டவளிடமிருந்து மூன்று வாரம் போன் இல்லை. நாங்கள் போட்டாலும் எடுக்கவில்லை.

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்க்கிறேன். முந்நூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டே அந்த மூன்று வாரமும் ஒன்றைத்தான் நினைத்தேன்: ஒரே பெண்ணின் கல்யாணம், அதில் நான் இருப்பேனா மாட்டேனா? முத்துலெட்சுமி திட்டவில்லை. திட்டினால் தேவலை. அடுப்பில் பால் பொங்கும்போதெல்லாம், “ஒரு வாய் குடிச்சிருந்தா குடியா முழுகிருக்கும்,” என்று பாலைப் பார்த்துச் சொல்வாள்.

நாங்கள் வேலைக்குப் போயிருந்த ஒருநாள் கயல் வந்து அவளுடைய துணிகளை எடுத்துப் போயிருந்தாள். செருப்பு அலமாரி மேல் ஒரு தாளை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். கல்யாணம் பதிவதற்கான விண்ணப்பத்தின் நகல். அவள் வாசித்துச் சொல்லாமல் நானாக உட்கார்ந்து எழுத்துக்கூட்டி வாசித்த முதல் தாள் அதுதான்.

அதில் ஒரு கட்டம்: திருமணத்துக்குப் பிறகு குடும்பப் பெயர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? வந்த புதிதில் அலுவலகத்தில் கேட்டபோது நான் முழித்த முழியில், என் பெயரான பரமன் என்பதையே அவளுக்குக் குடும்பப் பெயராக ஏற்றிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் தன்னை “பரமன்” என்று கூப்பிடுகிறார்கள் என்று அழுதுகொண்டு வருவாள். அந்தக் கட்டத்தில், மிக்காவின் குடும்பப் பெயருக்கு மாறிக்கொள்ளலாம் என்று அச்சிட்டிருந்ததைக் கோடு போட்டு அடித்துவிட்டு, அவள் கையெழுத்தில் எழுதியிருந்தது: பரமன்.

என் மீது அவ்வளவு கோபத்தில் இருக்கிறபோது எழுதியது. அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே மிக்கா போன் செய்தான். “அப்பா சனிக்கிழமை எங்கள் வீட்டுச் சவுனாவுக்கு உங்களைக் கூப்பிடச் சொன்னார்,” என்றான். கயல் பக்கத்தில் இருக்கிறாளா என்று கேட்டேன். இருக்கிறாள் என்றான். அவள் பேசவில்லை.

போகாமல் இருக்க முடியாது. சளி என்று சொல்கிற நேரமும் இல்லை. ஆனால் நினைத்துப் பாருங்கள். பேச்சு முடியாத வீட்டில் ஒரு காபி குடிக்காதவன், அதே வீட்டில் போய்ச் சம்பந்தியோடு அம்மணமாக உட்கார வேண்டும்! மாப்ளயிடம் சொன்னேன். “மச்சான், இதுக்கு நம்ம பக்கம் முறையே கெடையாது,” என்று கையை விரித்துவிட்டார்.

அப்புறம்தான் எனக்கு ஓட்டல்காரப் புத்தி வேலை செய்தது. நம்மூரில் இரண்டு வீட்டாருக்கும் தயக்கம் இருந்தால் கோயில் மண்டபத்தில், பொது இடத்தில் வைத்துப் பேசுகிறோமா இல்லையா? நீச்சல் கூடம் பொது இடம். அங்கே ஆவியறை இருக்கிறது. கால்சட்டை உண்டு. சொல்ல வேண்டியதை முகம் பார்க்காமல் சொல்லலாம். வீட்டில் வேண்டாம், நீச்சல் கூடத்தில் சந்திப்போம் என்று பதில் அனுப்பினேன். ரெய்யோவிடமிருந்து வந்த பதில் ஒரே ஒரு வார்த்தை: ஆகட்டும். நாலு மணிக்கு உள்ளே பார்க்கலாம் என்று மிக்கா முடித்தான்.

உள்ளே என்றால் எங்கே என்று நான் கேட்கவில்லை. நான் கேட்காததற்குக் காரணம், நீச்சல் கூடம் என்றால் எனக்கு ஆவியறை. அவர் சொல்லாததற்குக் காரணம், சனிக்கிழமை என்றால் அவருக்குச் சவுனா.

6

சனிக்கிழமை நாலு மணி. அவர்கள் மொழியில் ஆறு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். ஒரு வாரம் கிழங்கு மசித்துக்கொண்டே மனப்பாடம் பண்ணியது. நீச்சல் கால்சட்டையோடு ஆவியறைக் கதவைத் திறந்தேன். எதிர்த் திண்டில் ஓர் உருவம். ஆவி அன்றைக்கென்று கொப்பரை திறந்த மாதிரி நின்றது. முகம் தெரியவில்லை, உட்கார்ந்திருக்கிற ஆளின் உருண்டை மட்டும் தெரிந்தது. வணக்கம் சொன்னேன். அதுவும் வணக்கம் சொன்னது.

முகத்தைப் பார்த்தால் வார்த்தை மறந்துவிடும் என்று கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்துவிட்டேன்.

“உங்கள் காபியை நான் வெறுக்கவில்லை. எங்கள் ஊரில் கல்யாணப் பேச்சு முடியும் வரை அந்த வீட்டில் தண்ணீரும் குடிக்க மாட்டோம். குடித்தால் சம்மதம் என்று பொருள். உங்களை மதித்துத்தான் குடிக்கவில்லை. அது உங்களுக்கு வலித்திருந்தால் மன்னியுங்கள். உங்கள் மகனுக்கு என் மகளைத் தர எனக்குச் சம்மதம்.”

ஆவி மட்டும் புஸ்ஸென்று வந்துகொண்டிருந்தது. இந்த நாட்டில் யாரும் உடனே பதில் சொல்ல மாட்டார்கள், அது எனக்குப் பழக்கம். காத்திருந்தேன்.

“நல்ல பேச்சு,” என்றது உருவம். “ஆனால் எனக்கு மகன் கிடையாது. இரண்டு மகள்கள்தான்.”

எழுந்து நின்றது. ஆறடிக்கு மேல் உயரம். கழுத்துக்குக் கீழே தொங்குகிற குடுமி. நிச்சயமாக ரெய்யோ இல்லை.

“நீங்கள் தேடுகிறவர் எப்படி இருப்பார்?”

“குட்டை. வழுக்கை. முன்பு பேருந்து ஓட்டினார்.”

“பேருந்து ஓட்டினவர் சனிக்கிழமை இங்கே என்ன செய்யப் போகிறார்?” என்றார் குடுமிக்காரர். ஆண்கள் பக்கத்துக் கதவைக் கைகாட்டினார். “சவுனா.” அப்புறம் என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அவரும் அந்தப் பக்கமே போய்விட்டார்.

சவுனாக் கதவுக்கு முன்னால் நின்றேன். நீச்சல் கால்சட்டைப் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்ட அட்டை. பக்கத்தில் கொக்கிகள். திரும்பிப் போய்விடலாம், அவர் உள்ளே இருந்தது எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடலாம். தாளில் அடித்துவிட்டு எழுதிய அந்தப் பெயர் நினைவுக்கு வந்தது. ஆரப்பாளையத்தில் இரவுப் பேருந்து ஓட்டுநர்கள் இட்லிக்குக் காத்திருக்கும்போது சொல்கிற சொலவடையும் கூடவே வந்தது: அம்மண ஊருல கோவணம் கட்டுனவன் பைத்தியக்காரன்.

கால்சட்டையைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினேன். நம் வழக்கத்துக்குத் துண்டை மட்டும் இடுப்பில் சுற்றிக்கொண்டு உள்ளே போனேன்.

ஐந்து பேர். ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குடுமிக்காரர் கீழ்ப் பலகையில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்தார். “...குடித்தால் சம்மதமாம். அதனால்தான் குடிக்கவில்லையாம். பாவம், முழுவதையும் என்னிடம் சொல்லிவிட்டார்.” அவருக்கு எதிரில் இருந்தவர், “காபி குடித்தால் கல்யாணம் என்றால் எனக்கு இந்த வாரமே ஏழு ஆகியிருக்கும்,” என்றார். மேல் பலகையில், தலை பளபளக்க, ரெய்யோ உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார். “உட்காருங்கள்,” என்றார்.

எல்லாரும் துண்டை விரித்து அதன் மேல் உட்கார்ந்திருந்தார்கள். அதுதான் அங்கே துண்டுக்கு வேலை. சுடுகிற பலகையில் வேறு வழியில்லை. நனைந்தபின் முக்காடு எதற்கு? அவிழ்த்து விரித்தேன். உட்கார்ந்தேன். பதினெட்டு வருடம் நான் பயந்த அந்த விஷயம் முடிந்துவிட்டது. அவ்வளவுதான். ஒன்றுமே இல்லை. வயதான ஆறு உடம்புகள், ஆறு தொந்தி, அங்கங்கே தழும்பு.

“நான் மறுபடி சொல்லட்டுமா?” என்று கேட்டேன்.

“வேண்டாம். அவர் சொல்லிவிட்டார்.” ரெய்யோ ஒரு கரண்டித் தண்ணீரைக் கல்லில் ஊற்றினார். சூடு முதுகில் ஏறி இறங்கும் வரை பொறுத்திருந்தார். பிறகு அவரிடமிருந்து இதுவரை நான் கேட்டதிலேயே நீளமான பேச்சு வந்தது.

“உங்களுக்குக் காபி ஆகாதோ என்று நினைத்தேன். மூன்று வகை டீ வாங்கி வைத்திருக்கிறேன். அப்புறம் பன். அவள் சுடுகிற மாதிரி வரவில்லை. நீங்கள் சமையல்காரர், வாசனையிலேயே கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று நினைத்தேன்.”

மூன்று வாரம் நான் கல்யாணத்தில் எனக்கு இடம் உண்டா என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த மனிதர் மூன்று வாரமும் ஒரு பன்னை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“அந்த வாசனைக்கு எதிரில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேனே, அதுதான் நான் பட்ட பாடு,” என்றேன்.

ரெய்யோ தலையைத் திருப்பி முதல் முறையாக என்னை நேராகப் பார்த்தார். “மீதி இருக்கிறது,” என்றார்.

7

பேருந்தில் போனோம். ஓட்டுநர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் பிரேக்கைக் குத்தினார். ஒவ்வொரு குத்துக்கும் ரெய்யோவின் வலது கால் தன்னால் தரையை அழுத்தியது. “புதுப் பையன்,” என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். ஆரப்பாளையத்து ஓட்டுநர்கள் இவரைப் பார்த்தால் உடனே பக்கத்தில் உட்காரவைத்து டீ சொல்லியிருப்பார்கள்.

வீட்டுக்குப் போனதும் ஃப்ரீசரைத் திறந்தார். மூன்று வாரத்துக்கு முன்னால் நான் தொடாத அதே பின்னல் பன், பையில் சுற்றி, மேலே தேதி எழுதி. அடுப்பில் வைத்துச் சூடாக்கினார். ஏலக்காய் வாசம் சமையலறையைச் சுற்றி வந்து என்னிடம் நின்றது. காபிப் பாத்திரத்தைத் தூக்கினார். தூக்கிய கை என் கோப்பைக்கு மேலே நின்றது, ஊற்றவில்லை. என் முகத்தைப் பார்த்தார். அதற்கு இப்போது என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும்.

கோப்பையை நானே அவர் பக்கம் நகர்த்தினேன்.

பன் நன்றாகத்தான் இருந்தது. ஒரு சமையல்காரனாகச் சொல்கிறேன், இனிப்பு ஒரு சிட்டிகை கம்மி. அதை அவரிடமும் சொன்னேன். “அதைத்தான் நானும் நினைத்தேன்,” என்று அலமாரியிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்து, பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

வாசலில் சத்தம். ரெய்யோ எப்போது மகனுக்குச் செய்தி அனுப்பினாரோ தெரியாது. கயல் கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றாள். என் கையில் கோப்பை. வாயில் பன். ஈரத் தலை.

“என்னப்பா, பேச்சு முடிஞ்சுதா?”

“முடிஞ்சதுத்தா.”

“யாருகிட்ட பேசுனீங்க?”

“ரெண்டு பேருகிட்ட. மொத ஆளுக்கு மகன் இல்லையாம்.”

ஒன்றும் புரியாமல் ரெய்யோவைப் பார்த்தாள். அவர் அவள் மொழியில் நாலே வரியில் நடந்ததைச் சொன்னார். குடுமிக்காரர் வந்த இடத்தில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்து முடித்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, என் தட்டிலிருந்து ஒரு துண்டு பன்னைப் பிய்த்துப் போட்டுக்கொண்டாள்.

“சாட்சிக் கையெழுத்துக்கு ரெண்டு பேர் வேணும்ப்பா,” என்றாள். “ஒண்ணு இவரு. இன்னொண்ணு நீங்க போடுறீங்களா?”

அவள் கொண்டுவந்த எத்தனையோ தாளில் என்னவென்று தெரியாமலே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். “போடுறேன்த்தா,” என்றேன்.

முத்துலெட்சுமிக்கு அன்றைக்கு வேலை. இடைவேளையில் போன் செய்தாள். எடுத்ததுமே, “கை நனைச்சீகளா இல்லையா, அத மொத சொல்லுங்க,” என்றாள்.

“கை என்ன, முழு ஆளே நனைஞ்சுட்டேன்.”

“காபி?”

“குடிச்சேன்.”

“எத்தன கப்பு?”

அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். ரெய்யோ மறுபடியும் பாத்திரத்தைத் தூக்கி என் கோப்பைக்கு மேலே பிடித்திருந்தார்.

“இது மூணாவது,” என்றேன்.

அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. “உங்கப்பா மகன்தான்,” என்றாள் முத்துலெட்சுமி.